ஒரு போட்டியால் ஊருக்கு எத்தனை கோடி? கணக்கைப் படிக்கும் முறை

பெரிய விளையாட்டுப் போட்டி எதுவானாலும் அது தொடங்குவதற்கு முன்பே ஒரு தொகை செய்தியாக வந்துவிடுகிறது. "இந்தப் போட்டியால் நகரத்துக்கு இத்தனை நூறு கோடி ரூபாய் வருவாய்" என்று நடத்துகிறவர்கள் சொல்வார்கள். மேடையில் அமைச்சர்கள் அதையே திரும்பச் சொல்வார்கள். மறுநாள் அது தலைப்புச் செய்தியாகிவிடும். விளையாட்டின் பொருளாதாரத் தாக்கம் என்று இதைச் சொல்கிறார்கள். இந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அதில் எவ்வளவை நம்பலாம் என்பதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் படிப்பு தேவையில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

இதைத் தெரிந்துகொள்ள இப்போது ஒரு காரணமும் இருக்கிறது. 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகள் ஆமதாபாத்தில் நடக்கவிருக்கின்றன. 2036 ஒலிம்பிக்கையும் நடத்த விரும்புவதாக இந்தியா 2024இலேயே கடிதம் கொடுத்துவிட்டது. இனி வரும் ஆண்டுகளில் கோடிக்கணக்குகள் நம்மைச் சுற்றிப் பறந்துகொண்டே இருக்கும். செலவாகப்போவது பெரும்பாலும் நம் வரிப்பணம்.

சேப்பாக்கத்திலிருந்து தொடங்குவோம்.

ஐபிஎல் ஆட்டம் இருக்கும் மாலையில் வாலாஜா சாலையில் நடந்திருப்பவர்களுக்குத் தெரியும். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தின் படிகளில் மஞ்சள் சட்டைகள் அலையலையாக ஏறி வருகின்றன. நடைபாதையில் கயிறு கட்டி ஏழாம் எண் சட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒருவர் கன்னத்தில் வண்ணம் தீட்டிவிடுகிறார். ஒருவர் கொடி விற்கிறார். ஒருவர் சுண்டல் வண்டியை அன்று மட்டும் கடற்கரையிலிருந்து இங்கே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறை கிடைக்காது. பிரியாணிக் கடைகளில் உட்கார இடம் இருக்காது. இந்தக் கூட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் ஊருக்குப் பணம் வருகிறது என்றுதான் தோன்றும். பொருளாதாரக் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது.

திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் ஆட்டம் பார்க்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரயில் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு, ஆட்டோ, இரண்டு சட்டைகள், மைதான டிக்கெட் என்று அவர்கள் செலவழிப்பது நேரடி விளைவு. அவர்கள் சாப்பிட்ட பிரியாணிக்காகக் கடைக்காரர் சீரகச் சம்பா அரிசியும் இறைச்சியும் கூடுதலாக வாங்குகிறார். அரிசி மண்டிக்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் அதனால் வேலை கிடைக்கிறது. இது மறைமுக விளைவு. கடையில் பரிமாறியவருக்கு அன்று கூடுதல் கூலி கிடைத்தது. அதில் அவர் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார். இது தூண்டப்பட்ட விளைவு. மூன்றையும் கூட்டினால் மொத்தத் தாக்கம் வரும். திருச்சிக் குடும்பம் செலவழித்த தொகையைவிட இது பெரிதாக இருக்கும். எத்தனை மடங்கு பெரிது என்பதைச் சொல்லும் எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர்.

பெருக்கியை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு எந்த அறிக்கையும் நம்மை மிரட்டாது. வெளியூர்க்காரர் 100 ரூபாய் செலவழிக்கிறார். அதை வாங்கியவர்கள் அதில் 60 ரூபாயை உள்ளூரிலேயே மறுபடி செலவழிக்கிறார்கள். அதை வாங்கியவர்கள் அதில் 60 சதவீதத்தை, அதாவது 36 ரூபாயைச் செலவழிக்கிறார்கள். அடுத்த சுற்றில் 21 ரூபாய் 60 காசு. இப்படியே தேய்ந்துகொண்டே போகும் தொகைகளை எல்லாம் கூட்டினால் 250 ரூபாய் வரும். பெருக்கி 2.5. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளூரில் தங்குவது 60 சதவீதமல்ல, 30 சதவீதம்தான் என்றால் மொத்தம் 143 ரூபாய்க்குள் அடங்கிவிடும். கூட்டம் அதேதான், செலவும் அதேதான். ஆனால் அறிக்கை எழுதுபவர் எத்தனை சதவீதம் உள்ளூரில் தங்கும் என்று வைத்துக்கொள்கிறாரோ அதைப் பொறுத்து விடையில் நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. இந்தச் சதவீதம் பெரும்பாலும் அறிக்கையின் கடைசிப் பக்கங்களில், சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

இதுவரை செய்தது கூட்டல். செய்திகளில் வரும் தொகைகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன. கழித்தலைச் செய்தால்தான் உண்மை தெரியும்.

முதல் கழித்தல் உள்ளூர்க்காரரின் பணம். மயிலாப்பூரில் இருப்பவர் 2,000 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்கிறார். ஆட்டம் இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அவர் எரித்திருக்கப்போவதில்லை. குடும்பத்தோடு சினிமாவுக்குப் போயிருப்பார், ஹோட்டலில் சாப்பிட்டிருப்பார், தி.நகரில் துணி எடுத்திருப்பார். ஊரின் ஒரு கல்லாவிலிருந்து இன்னொரு கல்லாவுக்குப் பணம் இடம் மாறியிருக்கிறது. இதைப் பதிலீட்டு விளைவு என்பார்கள். சேப்பாக்கத்தில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி சென்னைக்காரர்களாக இருக்கும்போது, அத்தனை பேரின் செலவையும் "ஊருக்கு வந்த பணம்" என்று எழுதுவது தவறு. வெளியிலிருந்து வந்தவர்களின் பணம்தான் புதிய பணம். அவர்களிலும் அலுவலக வேலையாகவோ உறவினர் வீட்டுக்கோ எப்படியும் சென்னைக்கு வரவிருந்தவர்களைக் கழிக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உள்ளூரில் ஆட்டம் நடக்காவிட்டால் அதைப் பார்க்க வெளியூருக்கே போய்விடுவேன் என்கிற ரசிகரின் பணத்தை ஊரில் தங்கிய பணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு 2018 சாட்சி. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை அணி திரும்பிய ஆண்டு அது. காவிரிப் போராட்டத்தின் நடுவே ஏப்ரல் 10ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஒரு ஆட்டம் நடந்தது. அதன் பிறகு மிச்சமிருந்த உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் புனேவுக்கு மாற்றப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புனேவுக்கு ஒரு சிறப்பு ரயிலே போனது. விசில்போடு எக்ஸ்பிரஸ் என்று அதற்குப் பெயர். அந்த ஆயிரம் பேர் புனேயில் சாப்பிட்ட வடாபாவின் காசு உண்மையாகவே சென்னை இழந்த காசு. ஆனால் அணியின் ரசிகர் கூட்டத்தில் ஆயிரம் பேர் மிகச் சிறிய பங்கு. மற்றவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, டிக்கெட் காசைச் சென்னையிலேயே வேறு எதற்கோ செலவழித்தார்கள்.

அப்படியானால் அந்த ஆண்டு யாருக்கும் நட்டமில்லையா? வாலாஜா சாலையில் சட்டை விற்கக் காத்திருந்தவருக்குப் பெரும் நட்டம். ஊரின் மொத்தக் கணக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. அவருடைய வீட்டுக் கணக்கில் அந்த மாதமே அதுதான். பொருளாதாரத் தாக்கம் பற்றிப் பேசுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஊருக்குப் பெரிய லாபமில்லை என்பதால் விற்பனையாளரின் வருமானம் பொய்யாகிவிடாது. விற்பனையாளர் சம்பாதித்தார் என்பதால் ஊர் முழுதும் செழித்துவிட்டது என்றும் ஆகிவிடாது.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. 1994 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிச்சமிருந்த ஆட்டங்களோடு அந்த ஆண்டின் இறுதித் தொடரும் ரத்தானது. விளையாட்டு அரங்குகளால்தான் நகரங்கள் வாழ்கின்றன என்றால், அரங்குகள் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் நகரங்களின் வருமானம் விழுந்திருக்க வேண்டும். டென்னிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ஃப்ரீஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இத்தகைய வேலைநிறுத்தக் காலங்களின் கணக்கை எடுத்து 2001இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நகரவாசிகளின் வருமானத்தில் வீழ்ச்சி எதையும் அவர்களால் காண முடியவில்லை. மக்கள் அந்த மாலைகளை வேறு இடங்களில் கழித்தார்கள், பணத்தையும் அங்கேயே செலவழித்தார்கள்.

இரண்டாவது கழித்தல் வராமல் போனவர்கள். இதை லண்டன் 2012இல் நன்றாகக் கற்றுக்கொண்டது. ஒலிம்பிக் சமயத்தில் லண்டன் நெரிசலாக இருக்கும், அறை வாடகை ஏறிவிடும் என்று எண்ணி, வழக்கமாகக் கோடையில் வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் அந்த ஆண்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஒலிம்பிக் நடந்த அந்த ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணங்கள் முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிட 5 சதவீதம் குறைவு. உலகமே லண்டனைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் டாக்ஸி ஓட்டுநர்கள் சவாரி இல்லையென்று குறைப்பட்டார்கள். ஒலிம்பிக்குக்காக வந்தவர்கள் வழக்கமான பயணிகளைவிடத் தாராளமாகச் செலவழித்தது உண்மை. ஆனால் வந்தவர்களை மட்டும் எண்ணி, வராதவர்களை எண்ணாமல் விட்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

மூன்றாவது கழித்தல் கசிவு. வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடை போய்ச் சேருவதற்குள் வழியெல்லாம் உறிஞ்சப்படுவதுபோல, ஊருக்குள் வந்த பணமும் ஊரில் நிற்பதில்லை. ஐபிஎல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. மைதானத்தில் நுழைபவர் கொடுக்கும் டிக்கெட் பணம் இதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. இந்தப் பெரும்பணம் விளம்பரதாரர்களிடமிருந்து ஒளிபரப்பாளருக்கும், அவரிடமிருந்து கிரிக்கெட் வாரியத்துக்கும், அங்கிருந்து அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் போகிறது. ஆட்டம் நடக்கும் ஊரை அது தொடவே வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் வீரர் தன் சம்பளத்தைத் திருவல்லிக்கேணியில் செலவழிக்கப்போவதில்லை. சங்கிலி ஹோட்டலின் லாபம் அதன் தலைமையகத்துக்குப் போய்விடும். 2009இல் பொதுத் தேர்தல் காரணமாக ஐபிஎல் முழுவதும் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. விளம்பர வருவாய் இந்தியச் சந்தையிலிருந்தே வந்தது. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் போயின. போட்டியின் பணமும் ஊருக்கு வரும் பணமும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கசிவைப் பற்றி யோசிக்கும்போது "ஊர்" என்று எதைச் சொல்கிறோம் என்ற கேள்வியும் வந்துவிடும். வாலாஜா சாலையில் விற்ற சட்டை திருப்பூரில் தைத்தது என்றால், சென்னைக்கு அது கசிவு, தமிழ்நாட்டுக்குக் கசிவே இல்லை. திருச்சிக் குடும்பத்தின் செலவு சென்னைக்குப் புதிய பணம். தமிழ்நாடு என்று பார்த்தால் அதுவும் இடம் மாறிய பணம்தான். எல்லையை விரித்தால் கசிவு குறையும், கூடவே புதிய பணமும் குறைந்துவிடும். ஆகவே கணக்கு எந்த எல்லைக்குள் போடப்பட்டது என்று சொல்லாத அறிக்கைக்குப் பொருளே கிடையாது.

*செலவை வரவில் எழுதும் தவறு*

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அரசு 500 கோடி ரூபாயில் அரங்கம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 500 கோடியையும், அதைப் பெருக்கியால் பெருக்கி வரும் தொகையையும் போட்டியின் பலன் என்று எழுதிவிடுகிறார்கள். சிமென்ட் விற்றது, கொத்தனாருக்குக் கூலி கிடைத்தது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த 500 கோடி மருத்துவமனையாகியிருந்தாலும் சிமென்ட் விற்றிருக்கும், கொத்தனாருக்குக் கூலி கிடைத்திருக்கும், கடைசியில் ஒரு மருத்துவமனையும் மிஞ்சியிருக்கும். ஒன்றைச் செய்வதால் கைவிட நேர்கிற மற்றொன்றின் மதிப்பை வாய்ப்புச் செலவு என்கிறது பொருளாதாரம். வரிப்பணத்தில் நடக்கும் எந்தப் போட்டிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

கேட்காமல் விட்ட ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது மான்ட்ரியல். 1976 ஒலிம்பிக்கை நடத்திய அந்தக் கனடிய நகரம், ஏறத்தாழ 150 கோடி டாலர் கடனில் மாட்டிக்கொண்டது. ஆணுக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்கும், ஒலிம்பிக்கில் நட்டம் வராது என்ற பொருளில் அந்நகர மேயர் ஜான் திராப்போ சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. கடனை அடைக்கக் கியூபெக் மாகாணத்தில் புகையிலை மீது வரி போட்டார்கள். அடைத்து முடித்தது 2006இல். 1976இல் பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது வயது. கடன் அடைவதற்கு முன்பே, அந்த அரங்கத்தில் ஆடிவந்த பேஸ்பால் அணி 2004 பருவத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டது.

மான்ட்ரியலைப் பார்த்து உலக நகரங்கள் மிரண்டன. 1984 ஒலிம்பிக்கை நடத்த, தெஹ்ரான் விலகிய பிறகு, லாஸ் ஏஞ்சலிஸ் மட்டுமே போட்டியில் இருந்தது. வேறு ஆளில்லாததால் அந்த நகரம் தன் நிபந்தனைகளைச் சொல்ல முடிந்தது. 1932 ஒலிம்பிக் நடந்த பழைய கொலிசியம் அரங்கத்தையே மறுபடி பயன்படுத்தினார்கள். வீரர்களைப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் தங்கவைத்தார்கள். புதிதாகக் கட்டியது மிகக் குறைவு. கடைசியில் 20 கோடி டாலருக்கு மேல் உபரி. பார்சிலோனா 1992இல் வேறு வழியில் போனது. அங்கே செலவின் பெரும்பகுதி விளையாட்டு அரங்குகளுக்குப் போகவில்லை. சுற்றுச்சாலை, கழிவுநீர்க் கட்டமைப்பு, பழைய தொழிற்சாலைகளும் தண்டவாளங்களும் மறைத்துக் கிடந்த கடற்கரையை மீட்பது என்று ஊருக்கு எப்படியும் தேவைப்பட்ட வேலைகளுக்குப் போனது. போட்டி முடிந்த பிறகும் ஊர் மக்கள் தினமும் பயன்படுத்துவது அவற்றைத்தான்.

நமக்கு அருகில் இலங்கையில் இதன் இரு பக்கங்களையும் சில மணி நேரப் பயணத்தில் பார்த்துவிடலாம். 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவயில் பெரிய சர்வதேச மைதானம் கட்டப்பட்டது. அதே அம்பாந்தோட்டை 2018 காமன்வெல்த் போட்டிகளைக் கேட்டு, ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டிடம் தோற்றது. சூரியவெவ மைதானத்தைச் சுற்றிப் பெரிய நகரமில்லை. ஆண்டின் பெரும்பகுதி அங்கே ஆட்டமும் இல்லை. மேற்கே காலி (Galle) என்ற ஊரில் கோட்டைக்கு எதிரே இருப்பது பழைய, சிறிய மைதானம். இங்கிலாந்து அணி டெஸ்ட் ஆட வந்தால் அதன் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கூடவே பறந்து வருகிறார்கள். ஐந்து நாள் ஆட்டம் என்றால் ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறார்கள். கோட்டைக்குள் இருக்கும் வீட்டு விடுதிகள், முச்சக்கர வண்டிகள், இளநீர் விற்பவர்கள் என்று பணம் சின்னச் சின்னக் கைகளுக்குப் போகிறது. விடுதிக்காரர் உள்ளூர்க்காரர் என்பதால் கசிவும் குறைவு. வெளியிலிருந்து வரும் பணம், பெரிய புதுக் கட்டடச் செலவு இல்லை, உள்ளூர்க் கைகள்: கணக்கு நன்றாக வருவதற்கு வேண்டிய மூன்றும் காலியில் இருக்கின்றன.

*மாமல்லபுரம் 2022*

நாடுகளின் அணிகள் மோதும் உலக செஸ் போட்டியான செஸ் ஒலிம்பியாடின் 44ஆவது பதிப்பு மாஸ்கோவில் நடந்திருக்க வேண்டியது. உக்ரைன் போரால் அங்கிருந்து எடுக்கப்பட்டு, சுமார் நான்கே மாத அவகாசத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்திருந்தன. தமிழ்நாடு அரசு 90 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. புதிய அரங்கம் எதுவும் எழுப்பப்படவில்லை. ஏற்கெனவே இருந்த ஹோட்டலில் கூடங்களை அமைத்துக்கொண்டார்கள். அந்த வகையில் இது மான்ட்ரியல் செய்த தவறைச் செய்யவில்லை.

ஆனால் வரவுக் கணக்கை எழுதும்போது கவனம் வேண்டும். செஸ் ஒலிம்பியாடில் அணிகளின் தங்கும் செலவையும் சாப்பாட்டையும் நடத்துகிற நாடே ஏற்க வேண்டும். ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலை ஹோட்டல்கள் நிரம்பியதைப் பார்த்து வெளிநாட்டுப் பணம் கொட்டியது என்று சொல்ல முடியாது. அந்த அறை வாடகையின் பெரும்பகுதி நம் பணம்தான். அணிகளின் கைச்செலவும், தங்கள் செலவில் வந்த பார்வையாளர்கள், செய்தியாளர்கள் கொண்டுவந்ததும்தான் புதிய பணம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் ஒலிம்பியாட் லாபமில்லாத காரியமாகத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. காரணத்தைச் சொல்ல ஐம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1972இல் சென்னையிலிருந்த சோவியத் கலாசார மையத்தில் முன்னாள் உலக செஸ் சாம்பியன் மிகயீல் தாலின் பெயரில் ஒரு செஸ் மன்றம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோனின் பங்கு அதில் பெரியது. அங்கே இருந்தவை பலகைகள், கடிகாரங்கள், ரஷ்யாவிலிருந்து வந்த செஸ் புத்தகங்கள். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகிய இடங்களில் அது ஒன்று. 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவரைப் பார்த்து வந்த தலைமுறைகளில் தமிழ்நாட்டிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் உருவாகிவிட்டார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

இந்தப் பட்டங்களின் பின்னால் ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. முகப்பேரிலும் வேளச்சேரியிலும் தெருவுக்குத் தெரு செஸ் வகுப்புகள் நடக்கின்றன. பட்டம் வாங்காத, ஆனால் நன்றாக ஆடத் தெரிந்த எத்தனையோ இளைஞர்கள் பயிற்சியாளர்களாகப் பிழைக்கிறார்கள். வார இறுதிகளில் திருமண மண்டபங்களில் நடக்கும் போட்டிகளுக்கு வெளியூரிலிருந்து பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் கணினி முன் உட்கார்ந்து அமெரிக்காவில் இருக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் கட்டணம் அச்சு அசலாக வெளியிலிருந்து வரும் புதிய பணம், அதற்கு ஹோட்டலும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். ஒரு போட்டி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். இந்தத் தொழில் ஆண்டு முழுவதும் நடக்கிறது. மாமல்லபுரத்து ஒலிம்பியாட் அதற்குக் கிடைத்த ஒரு பெரிய உந்துதல் என்று பார்த்தால் அந்த 90 கோடிக்கு வேறொரு அர்த்தம் வருகிறது.

விளையாட்டுப் பொருளாதாரத்தின் பெரும்பகுதி இப்படித்தான், விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே இருக்கிறது. பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் மட்டையும் பந்தும் செய்யத் தொடங்கினார்கள். இன்றும் இந்தியாவின் விளையாட்டுப் பொருள் தொழில் அந்த இரண்டு ஊர்களில்தான் குவிந்திருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை, காஷ்மீரில் மட்டைக்கான வில்லோ மரம், உங்கள் தெரு முனையில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடம், மாலையில் மாடியில் நடக்கும் சிலம்ப வகுப்பு, வாடகைக்கு விடும் செயற்கைப்புல் மைதானம் எல்லாமே இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. அமெரிக்கா தன் நாட்டு வருமானத்தில் மலையேற்றம், மீன்பிடிப்பு, படகு ஓட்டம், முகாம் போன்ற வெளிப்புறப் பொழுதுபோக்கின் பங்கைத் தனியாகவே கணக்கெடுக்கிறது. 2023இல் அது மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம்.

*காசு கொடுக்காத இன்பத்துக்கு விலை என்ன?*

மெரினாவில் நடக்க டிக்கெட் கிடையாது. காலை ஐந்தரை மணிக்கு அங்கே நடப்பவர்களுக்கும், மணலில் கைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கும் கிடைப்பது எந்தக் கல்லாவிலும் பதிவாவதில்லை. பதிவாகாததால் அதற்கு மதிப்பே இல்லை என்று திட்டம் போடுகிறவர்கள் நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அந்த இடத்தில் வாகன நிறுத்தம் வந்தால் "வருமானம்" கணக்கில் ஏறும்; விளையாட்டுத் திடல் இருந்தால் ஏறாது.

இதற்கு ஒரு வழியை ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் 1947இல் சொன்னார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மதிப்பை எப்படி அளப்பது என்று கேட்டிருந்தார்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லாவிட்டாலும் அங்கே வந்து சேர மக்கள் பணமும் நேரமும் செலவழிக்கிறார்களே, அதிலிருந்தே அவர்கள் மனத்தில் அதற்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்று கணக்கிடலாம் என்றார் அவர். பயணச் செலவு முறை என்று அதை இன்று அழைக்கிறார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வண்டி பிடித்து வருகிறார்களே, அந்த வண்டி வாடகையையும் விடுப்பு எடுத்த நாளின் கூலியையும் கூட்டிப் பாருங்கள். அருவி இலவசம்தான். ஆனால் மக்கள் அதற்குக் கொடுக்கும் விலை சின்னதல்ல.

நோயின் பக்கத்திலிருந்தும் கணக்குப் போடலாம். உடலுழைப்புப் போதாமையால் 2020க்கும் 2030க்கும் இடையில் உலகில் ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தொற்றா நோய்கள் வரக்கூடும், அதற்கான சிகிச்சைச் செலவு ஆண்டுக்கு 2,700 கோடி டாலர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியான ஆய்வு. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு திடல் இருந்து, சாயங்காலம் அங்கே விளக்கு எரிந்து, பெண்களும் பயமில்லாமல் நடக்க முடிந்தால், மிச்சமாகும் மருந்துச் செலவு விளையாட்டின் பொருளாதாரப் பலன்தான். எந்தப் போட்டி அறிக்கையிலும் அது வராது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தொகை அதுவாகத்தான் இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டிகளை நடத்த ஒப்புக்கொண்டிருந்தது. 260 கோடி ஆஸ்திரேலிய டாலராக மதிப்பிட்ட செலவு 600 கோடியைத் தாண்டும் என்று தெரிந்ததும், 2023 ஜூலையில் விலகிக்கொண்டது. தொடங்கிய பிறகு நிறுத்துவதைவிட அது மலிவு என்று அந்த அரசு கணக்குப் போட்டது. ஆமதாபாத்துக்கான அறிக்கைகள் வரும்போது முதல் பக்கத்து மொத்தத் தொகையை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். வெளியிலிருந்து வருபவர்களைத் தனியாக எண்ணியிருக்கிறார்களா, வராமல் போவோரைக் கழித்திருக்கிறார்களா, பெருக்கி எவ்வளவு, கட்டுமானச் செலவு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது, போட்டி முடிந்த ஆறாவது மாதத்தில் அந்த நீச்சல் குளத்தில் யார் நீந்துவார்கள், அதைப் பராமரிக்க ஆண்டுதோறும் யார் பணம் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். அறிக்கையை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தது யார் என்பதும் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும்.